ஏழாவது வரி: ஆட்டுக்கு இரண்டு குடம்

போன செவ்வாய்க்கிழமை காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. எடுத்தால் தங்கமாரி. நான் ஓய்வு பெற்ற பிறகு ஆராய்ச்சி மையத்தில் என் நாற்காலிக்கு வந்த டெக்னீஷியன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வேலையில் கெட்டிக்காரர், ஆனால் நேரே விஷயத்துக்கு வரத் தெரியாது. என் முழங்கால் வலி, வீட்டுக்காரியின் சர்க்கரை, கோவில்பட்டியில் மழை உண்டா என்பதெல்லாம் விசாரித்து முடித்துவிட்டுக் கடைசியில்தான் கேட்டார்.

"அண்ணாச்சி, தினசரி ரெஜிஸ்டர்ல ஏழாவது வரி என்னது அது?"

எனக்கு வாயில் இருந்த பற்பசை நுரையோடு சிரிப்பு வந்துவிட்டது. அந்த ரெஜிஸ்டரின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஏழு வரிகள் அச்சடித்திருக்கும். காலையில் ஒவ்வொன்றையும் பார்த்து டிக் போட வேண்டும். வெற்றிட அளவு, ஹீலியம் மட்டம், பம்ப் எண்ணெய், குளிர்நீரின் சூடு, காற்றழுத்தம், எர்த்து குழிக்குத் தண்ணீர். இந்த ஆறுக்கும் கீழே ஏழாவதாக ‘ஆட்டுக்கு இரண்டு குடம்’ என்று இருக்கும்.

இப்போது அங்கே புது மாதிரி எர்த்து போட்டுவிட்டார்களாம். அதற்குத் தண்ணீர் வேண்டாம். குளிரூட்டும் இயந்திரமும் புதுசு, அதற்கு ஹீலியம் ஊற்ற வேண்டாம். தரச்சான்று தர வந்தவர்கள் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன ஆடு, இதற்கும் குவாண்டம் புள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறார்கள். தங்கமாரி முழித்திருக்கிறார். தலைமை விஞ்ஞானி உமாவிடம் போனால், "அத நான் சொல்லப்படாது. முத்தையா அண்ணாச்சிகிட்ட கேளுங்க. வாய்ப்பேச்சா வேண்டாம், எழுதி வாங்குங்க" என்று சொல்லிவிட்டாராம்.

உமா குறும்புக்காரி. ஏன் எழுதி வாங்கச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். சரி, எழுதுகிறேன். வெட்கப்பட வேண்டியதை எல்லாம் அப்போதே பட்டு முடித்தாயிற்று.

நான் ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படித்தவன். பத்து வருஷம் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் மோட்டார்களோடு மல்லுக்கட்டினேன். விளாத்திகுளம் போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே ஆராய்ச்சி மையம் கட்டுகிறார்கள், எலெக்ட்ரீஷியன் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். ரயில் கிடையாது, பெரிய லாரிகள் கிடையாது, பக்கத்தில் ஆலை கிடையாது, நிலம் அதிராமல் இருக்கும் என்பதற்காக அந்த இடத்தைப் பிடித்திருந்தார்கள். அங்கே என்னை நேர்முகம் கண்டவர் ஸ்டெல்லா மேடம். என்னைவிட ஆறு வயது இளையவர். விளாத்திகுளம் பக்கத்துக்காரர்தான், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அண்ணாச்சி, நல்ல எர்த்து எடுக்கத் தெரியுமா?"

தெரியும் என்றேன். மறுநாளே கடப்பாரையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பத்தடி ஆழத்துக்குக் குழி வெட்டி, தாமிரத் தகட்டை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் பரப்பி, நடுவில் ஒரு குழாய் விட்டு, மேலே சிமெண்டு மூடி போட்டேன். மற்றக் கட்டடங்களின் எர்த்து வேறு. இது ஆய்வகத்துக்கென்றே தனியாக எடுத்தது. கருவிகளில் வந்து சேரும் வேண்டாத மின்சாரச் சலசலப்பெல்லாம் இந்தக் குழி வழியாகத்தான் மண்ணுக்குள் இறங்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால்தான் இறங்கும். ஆகவே, தினமும் காலை எட்டரை மணிக்குக் குழிக்கு நாலு குடம் தண்ணீர். மாதம் ஒரு தடவை மீட்டர் வைத்து எர்த்து எப்படி இருக்கிறது என்று அளக்க வேண்டும். இதுதான் சட்டம்.

உள்ளே என்ன வேலை நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரி சரோஜா ஒருநாள் கேட்டாள், அத்தனை பெரிய கட்டடத்தில் அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று. நான் சொன்னேன்: தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும், அப்படி ஒரு கம்பி. அதன் அடியில் அஞ்சாறு சின்ன உலோகக் கோடுகள். அந்தக் கோடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் கம்பிக்குள் ஒரு பட்டி மாதிரி அடைப்பு உண்டாகும். அதற்குள் ஒரே ஒரு எலெக்ட்ரானைப் பிடித்து அடைப்போம். அந்த அடைப்புக்குப் பேர்தான் குவாண்டம் புள்ளி. எலெக்ட்ரானுக்கு ஸ்பின் என்று ஒரு குணம் உண்டு. குட்டிக் காந்தம் போல, மேலே பார்த்து நிற்கும் அல்லது கீழே பார்த்து நிற்கும். மேலே நிறுத்தி வைத்தால் எவ்வளவு நேரம் கவிழாமல் நிற்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. சூடு பட்டால் கவிழ்ந்துவிடும் என்பதால், இதற்குமேல் குளிரவே முடியாது என்கிற எல்லை வரைக்கும் குளிர வைப்போம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சரோஜா சொன்னாள்: "ஒத்த ஆட்ட அடைக்கதுக்கா இத்தனை பேரு சம்பளம் வாங்குதீங்க?"

இதை மேடத்திடம் சொன்னபோது அவர் ஒரு வாரம் நினைத்து நினைத்துச் சிரித்தார்.

ஸ்டெல்லா மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்பு நடந்தால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார், ரெஜிஸ்டரைத் திறப்பார். அவ்வளவுதான், நாமே போய் எதிரில் நின்றுவிடுவோம். அச்சடித்த வரிகளுக்குக் கீழே பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டு வைத்திருந்தார். இடப்பக்கம் ‘பார்த்தது’, வலப்பக்கம் ‘நினைத்தது’. கண்ணால் கண்டது, காதால் கேட்டது, மீட்டர் காட்டியது எல்லாம் இடப்பக்கம். நம் மூளையில் உதித்தது எல்லாம் வலப்பக்கம். மாற்றி எழுதினால் விடமாட்டார்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் பம்பில் கடகடவென்று சத்தம். நான் பெரிய மோட்டார் வித்தகன் அல்லவா, ‘பம்ப் பெல்ட் தேய்ந்துவிட்டது’ என்று இடப்பக்கம் எழுதிவிட்டேன். மேடம் ஸ்டூலை இழுத்தார்.

"அண்ணாச்சி, பெல்ட்டு தேஞ்சதப் பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

சத்தம் கேட்டது மேடம் என்றேன். அப்படியானால் சத்தம் கேட்டது என்று மட்டும் எழுதச் சொன்னார். பழைய வரியை நானே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் இருவரும் போய்ப் பார்த்தோம். பம்பின் சட்டத்தின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் ஆடிக்கொண்டிருந்தது. காலையில் காப்பி குடித்துவிட்டு நான் வைத்த டம்ளர்தான். மேடம் அதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இயந்திரத்தைக் குளிர வைக்கத் திரவ ஹீலியம் ஊற்றும் வேலையை மேடம்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தார். முதலில் நைட்ரஜனால் குளிர வைத்து, அதை முழுக்க வெளியேற்றிவிட்டு, அப்புறம் குழலை விரற்கடை விரற்கடையாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் சூட்டில் எல்லாம் ஆவியாகிப் பறந்துவிடும். வெளியேறுகிற ஆவியைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், பேசக் கூடாது. என்னைப் பேசாமல் நிற்க வைத்த ஒரே வேலை அதுதான் என்று சரோஜா சொல்வாள்.

இப்படி வருஷங்கள் ஓடின. உமா ஓட்டப்பிடாரத்திலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். நாலு வருஷம் பாவம் அந்தப் பிள்ளை கம்பியும் கையுமாகத்தான் இருந்தாள். செய்த கம்பிகளில் ஒன்று உடையும், ஒன்று கசியும், ஒன்று குளிர வைத்ததுமே செத்துப்போகும். கடைசியில், ஒரு மாசி மாதம், ஒரு கம்பி பிழைத்தது. எலெக்ட்ரான் ஒன்று சமர்த்தாக அடைப்புக்குள் போய் உட்கார்ந்தது. ஸ்பின் கவிழாமல் நின்றது. திரையில் அந்த வளைவைப் பார்த்துவிட்டு உமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்னும் இரண்டு மாதம் அந்தக் கம்பி ஒழுங்காக இருந்தால் அவள் ஆய்வேடு முடிந்துவிடும்.

அந்த வருஷம் வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது. பங்குனி பிறப்பதற்குள் நிலம் பாளம் பாளமாக வெடித்தது. எங்கள் தொட்டிக்கே இரண்டு நாளைக்கு ஒரு லாரி தண்ணீர்தான். அந்தச் சமயத்தில் லட்சுமக்கா தன் ஆடுகளை எங்கள் வேலியோரமாக ஓட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவர் தமிழ் நம் தமிழைவிட வேகம். நான் குடத்தோடு எர்த்து குழிக்குப் போகிற நேரம் பார்த்து ஆடுகள் எல்லாம் வேலிக் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். நான் மூடியைத் திறந்து நல்ல தண்ணீரைக் குழிக்குள் ஊற்றுவேன். லட்சுமக்கா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டார்.

"ஏன் அண்ணாச்சி, குழிக்குத் தாகம் எடுக்குமா?"

என்ன பதில் சொல்வது? எலெக்ட்ரான், ஸ்பின் என்று ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டிவிட்டார். "அது என்ன எழவோ எனக்குத் தெரியாது. இதுக நேத்துலேர்ந்து நீள்ளு பாக்கல" என்றார். நீள்ளு என்றால் தண்ணீர். அன்றைக்கு ஒரு குடம் குழிக்குக் குறைந்தது. ஒரு பழைய தகரத் தொட்டியை வேலியோரம் போட்டு அதில் ஊற்றினேன். ஆடுகள் குடித்த சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவன் மறுநாள் எப்படிக் குழிக்கு ஊற்றுவான்? இரண்டு குடம் ஆயிற்று, மூன்று ஆயிற்று. ஒரு வாரத்தில் நாலும் ஆட்டுக்குத்தான். இத்தனை வருஷமாக ஊற்றிய ஈரம் உள்ளே கிடக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன், பார்க்கவில்லை.

ஆனால் ரெஜிஸ்டரில் ஆறாவது வரிக்கு டிக் மட்டும் தினமும் போட்டேன். ஊற்றியது உண்மைதானே, எதில் ஊற்றினோம் என்றா கேட்டிருக்கிறார்கள் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். அயோக்கியத்தனம்தான், வேறு பேர் கிடையாது.

நாலு வாரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒருநாள் மத்தியானம் உமாவின் வளைவு நடுங்க ஆரம்பித்தது. முதலில் ஏசி எல்லாம் ஓடுகிற உச்சி நேரத்தில் மட்டும். அப்புறம் நாள் முழுக்க. நிறுத்தி வைத்த ஸ்பின் நிறுத்தின மாத்திரத்தில் கவிழ்ந்தது. மேடம் விளக்கினார்: மற்றப் பொருள்களில் மின்சாரம் கொஞ்சம் ஆடினால் ஸ்பின் கண்டுகொள்ளாது. இந்தக் கம்பியில் எலெக்ட்ரானின் ஓட்டத்துக்கும் ஸ்பின்னுக்கும் ரொம்ப நெருங்கின உறவு. எலெக்ட்ரான் குலுங்கினால் ஸ்பின்னும் கூடவே குலுங்கும். ஆகவே எங்கிருந்தோ மின்சாரச் சலசலப்பு உள்ளே வருகிறது.

எங்கிருந்து? பத்து நாள் தேடினோம். கேபிள் மாற்றினோம், வடிகட்டி மாற்றினோம், மின்கலத்தில் ஓட்டிப் பார்த்தோம், பக்கத்து அறைக் கருவிகளை எல்லாம் அணைத்துப் பார்த்தோம். நானும் வியர்வை சொட்டச் சொட்ட உமாவுக்குக் கூடமாட ஓடினேன். நடுவில் உமாதான் கேட்டாள், எர்த்தைப் பார்க்கலாமா என்று. மேடம் ரெஜிஸ்டரைப் புரட்டினார். போன மாத அளவு நன்றாக இருந்தது. அது போன மாதம் முதல் வாரத்தில், நான் ஆட்டுக்கு ஊற்ற ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுத்தது. அடுத்த அளவு இந்த மாதக் கடைசியில்தான்.

"எர்த்து சரியாத்தான் இருக்கும். அண்ணாச்சி தினமும் ஊத்துதாவ, டிக் இருக்கு. அதப் பாக்க வேண்டாம்" என்றார்.

பார்த்ததையும் நினைத்ததையும் எவ்வளவு கறாராகப் பிரிக்கிற அம்மா. என் டிக்கை மட்டும் பார்த்ததாகவே எடுத்துக்கொண்டார்.  நான் அடுத்த கேபிளைக் கழற்றப் போனேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மேடம் முடிவு சொன்னார். கோளாறு உள்ளேதான் இருக்க வேண்டும். நாளைக் காலை இயந்திரத்தைச் சூடேற்றித் திறந்து பார்ப்போம். இந்த மாதிரிக் கம்பிகள் ஒரு தடவை சூடேறிவிட்டு மறுபடி குளிரும்போது பெரும்பாலும் பிழைப்பதில்லை. எல்லாருக்கும் தெரியும். உமா திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "இது போச்சுன்னா எங்கிட்ட வேற இல்ல மேடம்."

நான் வெளியே வந்தேன். நேரே குழிக்குப் போய் மூடியைத் தூக்கினேன். கரி காய்ந்து தூளாகக் கிடந்தது. கரிசல் மண் சுருங்கிக் கரியை விட்டே விலகியிருந்தது. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், தாராளமாகப் போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் என்னைப் பார்த்துக் கத்தின.

ஒரு நிமிஷம் பொல்லாத புத்தி வந்தது. சத்தம் போடாமல் இப்போதே இருபது குடம் ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த மண் ஊறிப் பிடிக்க இரண்டு நாளாவது ஆகும். சூடேற்றுவதோ நாளைக் காலை. அதை நிறுத்த வேண்டுமானால் நான் பேசியாக வேண்டும். பேசினால் இத்தனை வருஷம் சம்பாதித்த ‘அண்ணாச்சி ஊத்துதாவ’ என்கிற பேர் போய்விடும். என் கால் மேடத்தின் அறைக்கு எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது. ரெஜிஸ்டரை மேசையில் வைத்தேன். உமாவும் அங்கேதான் இருந்தாள்.

"மேடம், சூடேத்தாதீங்க. எர்த்து குழி காஞ்சு கெடக்கு. நான் தண்ணி ஊத்தல. ஆட்டுக்கு ஊத்திட்டு டிக் போட்டேன்."

மேடம் ஸ்டூலை இழுக்கவில்லை. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். "எத்தனை நாளா?" என்றார்.

"முப்பத்தெட்டு நாளு."

"இது பாத்ததா, நினைச்சதா?"

"எண்ணிப் பாத்தது மேடம்."

உமா எழுந்தாள். "பத்து நாளா எனக்குச் சோறு இறங்கல அண்ணாச்சி" என்று சொன்னாள். அவ்வளவுதான். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிக் குறுகிப் போனதில்லை.

மேடம் பேனாவை என் பக்கம் தள்ளினார். ஒவ்வொரு டிக்கையும் நானே அடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். முப்பத்தெட்டுக் கையெழுத்து. முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தபோது, சன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, "அங்கன பாருங்க" என்றார். உமா இரண்டு கையிலும் வாளியோடு குழிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

நானும் ஓடினேன். இருவருமாகச் சாயங்காலம் வரை சுமந்தோம். அவள் வாளியை நான் வாங்கப் போனால் கொடுக்கவில்லை. குழி குடகுடவென்று குடித்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து லட்சுமக்கா பார்த்துவிட்டு, இன்றைக்கு நிஜமாகவே குழிக்குத் தாகம்தான் போலிருக்கிறது என்றார். உமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெள்ளியும் சனியும் ஊற்றினோம். ஞாயிறு காலையில் மீட்டர் வைத்தேன். அளவு பழைய இடத்துக்கே இறங்கியிருந்தது. நம்பாமல் இன்னும் இரண்டு தடவை அளந்து, மூன்றையும் இடப்பக்கம் எழுதினேன். பத்து மணிக்கு உமா ஆய்வகத்திலிருந்து வெளியே வந்து குழியோரம் என் பக்கத்தில் நின்றாள்.

"நிக்குது அண்ணாச்சி" என்றாள்.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டார். சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்று சரோஜாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். மேசையில் புது ரெஜிஸ்டர், அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பக்கம். ஆறு வரி ஏழாகியிருந்தது.

"தாகத்தோட ஆடு பாத்துக்கிட்டு நிக்கையில குழில தண்ணி ஊத்தச் சொன்னது என் தப்பு அண்ணாச்சி. மனசு ஒப்பாத வேலையக் கொடுத்தா பொய் டிக்குதான் வரும். இனி முதல்ல குழிக்கு நாலு, அப்புறம் ஆட்டுக்கு ரெண்டு. ரெண்டுக்கும் டிக் வேணும்" என்றார். மெமோ இல்லை, ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் நான் பொய் டிக் போட்டது கிடையாது. வீட்டில் மளிகைச் சீட்டில்கூட.

தங்கமாரி, ஏழாவது வரியின் கதை இதுதான். உமா ஏன் தானே சொல்லாமல் என்னை எழுத வைத்தாள் என்றும் புரிந்திருக்கும்: தப்பு செய்தவன் கையாலேயே எழுத வேண்டும் என்பது மேடம் காலத்துச் சட்டம். என் தப்பை அவள் இத்தனை வருஷத்தில் வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

அன்று போனை வைப்பதற்கு முன்னால் நான் தங்கமாரியிடம் ஒன்று கேட்டேன். "ஏழாவது வரிக்கு டிக் போட்டிருக்கீங்களா?" தினமும் போடுவதாகச் சொன்னார். "தண்ணி ஊத்துனீங்களா?" என்றேன். அவர் மறுபடியும் என் முழங்கால் வலியை விசாரிக்க ஆரம்பித்தார்.  நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? முதலில் என் கதையை எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். சனிக்கிழமை ஏழாவது வரியின் கதை வரைக்கும் எழுதி முடித்து, ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

இன்று காலை தங்கமாரியிடமிருந்து பதிலுக்குப் படங்கள் வந்தன.  எல்லாம் ரெஜிஸ்டரின் பக்கங்கள். ஏழாவது வரியில் டிக்குகளை வரிசையாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடைசிப் படத்தில் மட்டும் ஒரு தொட்டி, அது நிறையத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு ஆட்டின் மூக்கு. லட்சுமக்காவின் மருமகள் இப்போது மேய்க்கிறாள் என்று அதன் கீழே எழுதியிருந்தார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். நாற்பத்தொன்று. என்னைவிட மூன்று அதிகம்.